ஆராய்ச்சிப் பணம் எதற்கு முதலில்?

2005ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் தேசிய உயிரியல் தொழில்நுட்பக் கொள்கையை வகுத்தபோது, மருத்துவத்திற்கும் முன்னதாக வேளாண்மையை வைத்தது. அது தக்கதே என்பதற்குச் செம்பனை சான்று.

மெல்லோடுடைய 'தெனெரா' மரத்தைக் காட்டிலும் தடித்த ஓடுடைய 'டூரா'வில் எண்ணெய் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. கன்றாயிருக்கையில் இரண்டும் பார்வைக்கு ஒன்றே. நட்டுச் சில ஆண்டுகள் கழித்துக் காய்த்த பின்னரே வேறுபாடு புலப்படும். கலப்புக் கன்றை வாங்கிய சிறுதோட்டக்காரர் 20 ஆண்டுகளுக்கு மேல் அந்த நட்டத்தைச் சுமக்கவேண்டியதுதான்.

2013இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தார் அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து, ஓட்டின் தன்மையை நிர்ணயிக்கும் மரபணுவைக் கண்டனர். இனி, இலையைச் சோதித்தே நாற்றங்காலில் கன்றைப் பிரிக்கலாம். வாரியத்தின் ஆராய்ச்சிக்குச் செம்பனை எண்ணெய் மீதான தீர்வையும் உதவுகிறது. குலை வெட்டுவோரின் வியர்வையும் அதில் உண்டன்றோ! ஆகவே, சோதனை சிறு நாற்றங்கால்களை எட்டுவதற்கே அடுத்த ஒதுக்கீடு செல்லவேண்டும் என்பேன்.