அடுப்பு மூட்டாத விருந்து

சித்திரை, வைகாசி மதியத்தில் விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி, அடுப்படிக்குள் யார் போவது என்பதுதான். வெளியே 40 டிகிரி வெயில். எரியும் அடுப்புக்கு முன்னால் நிற்பவரின் நிலையைக் கேட்கவே வேண்டாம். 'சூடா ரெண்டு பஜ்ஜி போட்டா என்ன?' என்று யோசனை சொல்பவர் பெரும்பாலும் வாணலி முன் நிற்கப் போகிறவராக இருக்க மாட்டார்.

இந்த வேளைக்கென்றே நம்மிடம் ஒரு பண்டம் இருக்கிறது. கோசுமல்லி. கர்நாடகத்துக்காரர்கள் கோசம்பரி என்பார்கள். ராம நவமியன்று பானகம், நீர்மோரோடு வைத்துப் படைக்கும் வடபருப்பும் இதே குடும்பம்தான். ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், கொஞ்சம் மாங்காய், தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு. நாலைந்து பேருக்கு அரை ஆழாக்குப் பருப்பும் இரண்டு வெள்ளரிக்காயும் போதும். கடுகு தாளித்துக் கொட்டுவது வழக்கம். அந்த ஒரு கரண்டித் தாளிப்பையும் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இதை வெட்டிப் போட்டுக் கலக்குகிற சமாச்சாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். குழம்பில் ஒன்றை முன்னே பின்னே போட்டால் கொதி அதைச் சரிக்கட்டிவிடும். தீ இல்லாத இடத்தில் அந்தச் சலுகை கிடையாது. கத்தி, தண்ணீர், உப்பு, புளிப்பு ஆகிய நான்கும்தான் இங்கே வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம் உண்டு. கோசுமல்லியின் சூட்சுமம் அளவைவிட வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் பருப்பு. முழுப் பயறை ஊறவைத்தால் பல மணி நேரம் ஆகும். தண்ணீர் உள்ளே போகவிடாமல் தோல் தடுக்கும், பெரும்பகுதி அந்தச் சின்ன வெள்ளைத் தழும்பின் பக்கமாகத்தான் புக முடியும். தோல் நீக்கி உடைத்த பருப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அரை மணி நேரத்தில் ஊறிவிடும், வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஒரு பருப்பை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். நடுவில் மாவு போல வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். நகம் தடையில்லாமல் இறங்கி, பருப்பு மசியாமல் இரண்டாக விண்டால் அதுதான் பதம்.

ஊறினாலும் அது பச்சைப் பருப்புதான் என்பதை மறக்கக் கூடாது. மாவுச்சத்து இளகிக் குழைய 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பச்சைத் தண்ணீரில் அது நடக்காது. அதனால்தான் ஊறிய பருப்பு குழையாமல் நறுக்கென்று கடிபடுகிறது, அதனால்தான் கோசுமல்லியைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடாமல் கரண்டிக் கணக்கில் பரிமாறுகிறார்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு முறை அலசுவதிலும் காரியம் இருக்கிறது. வயிற்றில் வாயுவைக் கிளப்பும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

அப்படியானால் எந்தப் பருப்பையும் ஊறவைத்துத் தின்னலாமா? கூடாது. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் புரதம் ஏராளம். வேகாத ராஜ்மா நாலைந்து தின்றாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு எச்சரிக்கிறது. இந்த நச்சை ஓர் அலகு வைத்து அளக்கிறார்கள். பச்சை ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 வரை, நன்றாகக் கொதித்து வெந்த பிறகு 200 முதல் 400 வரை. பாசிப்பருப்பில் லெக்டின் குறைவு என்பதால்தான் அது இப்படிப் பச்சையாகப் பந்திக்கு வர முடிகிறது. பெல்லாரி அருகே சங்கனக்கல்லு போன்ற புதிய கற்கால ஊர்களில் நடந்த அகழாய்வுகளில் பாசிப்பயறும் கொள்ளும் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியர்கள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளாக இந்தப் பயறோடு பழகியவர்கள். எதை வேகவைத்தே தீர வேண்டும், எதை வெறுமனே ஊறவைத்தால் போதும் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு காலம் தாராளம்.

ஊறவைப்பதற்கும் முளைகட்டுவதற்கும் நடுவே ஒரு கோடு உண்டு. 'முளைகட்டினால் சத்து' என்று இப்போது வேகாத முளைப்பயறைக் கலக்கிறவர்கள் அதிகம். விதை முளைக்க ஈரமும் வெதுவெதுப்பும் ஓரிரு நாளும் வேண்டும். பாக்டீரியா பெருகவும் வேண்டியது அதுவேதான். 2011இல் ஜெர்மனியில் பரவிய ஈ. கோலை ஓ104 தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 3,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். விசாரணை முடிவில் விரல் சுட்டப்பட்டது வேகாத வெந்தய முளையை நோக்கி. அரை மணி நேர ஊறலில் கிருமிக்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. முளைகட்டியதுதான் வேண்டும் என்பவர்கள் ஆவியில் ஒரு கொதி காட்டிவிடுங்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சாப்பிடும் வீட்டில்.

அடுத்து வெள்ளரி. முழுக் காயை முகர்ந்தால் பெரிதாக வாசம் எதுவும் வராது. கத்தி பட்டதும் அடுக்களை முழுக்க மணக்கும். அந்த மணம் காய்க்குள் தயாராகக் காத்திருந்ததல்ல, வெட்டிய பிறகுதான் உருவாகிறது. செல்கள் உடைந்ததும் லைப்பாக்சிஜனேஸ் என்ற நொதி, சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களோடும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் சேர்ந்து ஒரு தொடர்வினையைத் தொடங்குகிறது. சில நொடிகளில் நோனாடையீனால் என்ற ஆல்டிஹைடு பிறக்கிறது. வெள்ளரி மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பொடியாக நறுக்க நறுக்க உடையும் செல்கள் அதிகம், மணமும் அதிகம். ஆனால் அது சீக்கிரம் பறந்துவிடும் சாதி. காலையிலேயே நறுக்கி டப்பாவில் அடைத்து வைத்த வெள்ளரி மதியம் சாதுவாகிவிடுவது இதனால்தான். துருவவும் வேண்டாம். துருவினால் எல்லாச் செல்லும் ஒரேயடியாக உடைந்து தண்ணீரைக் கக்கிவிடும்.

வெள்ளரிக்காயின் முனையை வெட்டி, அந்தத் துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து வெள்ளை நுரை எடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கும் சடங்கு. நுரை காயின் குழாய்களில் ஓடும் சாறு. கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் இருப்பதோ சதையிலும் தோலிலும், அதிலும் காம்புப் பக்கத்தில் கூடுதலாக. ஆகவே தேய்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு, காம்புப் பக்கத்தை ஓர் அங்குலம் தாராளமாக வெட்டி எறிவதில் நம்பிக்கை அதிகம். இமயமலை அடிவாரத்தில் வளரும் காட்டு வெள்ளரி வாயில் வைக்க முடியாத கசப்பு. மனிதர்கள் கசக்காத காயின் விதையைத் தேடித் தேடி விதைத்ததால் வந்தது இன்றைய வெள்ளரி. இலையில் கசப்பை உண்டாக்க ஒரு மரபணு, காயில் உண்டாக்க இன்னொன்று என்று சீன ஆய்வாளர்கள் 2014இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். தண்ணீர் பற்றாத கோடையில் பழைய கசப்பு சில காய்களில் மறுபடி தலைகாட்டும். எனவே ஒவ்வொரு காயிலும் ஒரு சீவல் வாயில் போட்டுப் பார்ப்பது நல்லது. கடுமையாகக் கசந்தால் உப்பு, காரம் போட்டு மறைக்கப் பார்க்காமல் தூக்கி எறியுங்கள். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்துச் சிலர் இறந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு சொன்ன அறிவுரையும் இதுதான்: கசந்தால் குடிக்காதீர்கள். அதே குடும்பத்துக் காய், அதே நஞ்சு.

இனி உப்பு. கோசுமல்லி கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெள்ளரியில் 95 விழுக்காடு தண்ணீர். செல்களுக்குள் அந்தத் தண்ணீர் நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்பதால்தான் காய்க்கு விறைப்பு, காற்றடித்த சைக்கிள் டியூபைப் போல. மேலே உப்பைத் தூவியதும் வெளிப்பக்கம் செறிவு கூடிவிடுகிறது, சவ்வின் வழியாகத் தண்ணீர் வெளியேறத் தொடங்குகிறது. நறுக்கிய வில்லை ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். ஓரிரு நிமிடத்தில் மேற்பரப்பு பளபளக்கும், பிறகு விதைகளைச் சுற்றி முத்து முத்தாக நீர் திரளும், அது ஒன்றுசேர்ந்து விளிம்பில் வழியும். கால் மணி நேரம் கழித்து எடுத்து வளைத்தால் ஒடியாது, துவண்டு மடங்கும். விருந்தாளி வருவதற்கு முன்பே உப்புப் போட்டுக் கலந்து மூடி வைத்தவருக்குக் கடைசியில் கிடைப்பது பருப்பு மிதக்கும் வெள்ளரித் தண்ணீர். வாடிய துண்டுகள் உப்புப் படாதவையாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு விறைப்பை மீட்கலாம். உப்புப் பட்டுவிட்டால் பழைய நறுக்கு திரும்பாது. ஆகவே உப்பு, இலைபோட்டு ஆட்கள் உட்கார்ந்த பிறகு.

தாளிப்பு ஏன் வேண்டாம் என்றேன்? கடுகின் உறைப்பும் வெள்ளரி மணத்தைப் போலத்தான், விதைக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை. சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கின்றன. நசுக்கித் தண்ணீர் சேர்த்தால்தான் இரண்டும் சந்தித்து, மூக்கில் ஏறும் அந்த நெடி பிறக்கும். சுடும் எண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். தாளித்த கடுகு மணக்கும், கொட்டைச் சுவை தரும், ஆனால் உறைக்காது. நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் வெள்ளரிக்காய்ப் பச்சடிக்குப் பச்சைக் கடுகைச் சதைத்துச் சேர்க்கிற பழக்கம் உண்டு. கோசுமல்லிக்கு அதைக் கடன் வாங்கலாம். அரைத் தேக்கரண்டிக் கடுகை அம்மியிலோ சின்ன உரலிலோ நசுக்கி, ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அவசரப்பட்டு அதில் பிழியக் கூடாது. புளிப்பு ஏறினால் நொதியின் வேகம் மட்டுப்படும், நெடி பாதியில் நின்றுவிடும்.

தேங்காய்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 'ஜில்லென்று தரலாமே' என்று எல்லாவற்றையும் கலந்து ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஃபிரிட்ஜுக்குள் இருப்பது 4, 5 டிகிரி. துருவலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதால், அது வாயில் மெழுகுத் துணுக்காக நெருடும், இனிப்பும் தெரியாது. வெள்ளரியையும் மாங்காயையும் முழுசாகக் குளிரவைத்துக்கொண்டு, தேங்காயை மட்டும் அப்போதைக்கு அப்போது துருவிச் சேர்த்தால் இரண்டும் நடக்கும். துருவல் ஜோராகவும் இருக்கும், கோசுமல்லி குளிர்ச்சியாகவும் இருக்கும்.

கோடையில் போய்ப் பச்சை மிளகாயா என்று கேட்பவர்களுக்கு: மிளகாயின் காப்சைசின் நாக்கில் தொடுவது டிஆர்பிவி1 என்ற உணர்வேற்பியை. 43 டிகிரிக்கு மேல் உண்மையிலேயே சுடும்போது விழித்துக்கொள்வதும் அதே உணர்வேற்பிதான். 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடு பட்டதாக நினைத்து உடம்பு வியர்க்கிறது, வியர்வை ஆவியானால் தோல் குளிர்கிறது. இந்தக் கணக்கு மதுரையில் பலிக்கும் அளவுக்குச் சென்னையில் பலிக்காது. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துதான் போகும். சென்னைக்காரர்கள் இரண்டு மிளகாயை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

எலுமிச்சை கடைசி. நேரம் கழியக் கழியப் புளிப்பு, கொத்தமல்லியின் பச்சையத்திலிருந்து மெக்னீசியத்தை உருவிவிடும். பளிச்சென்ற பச்சை, காய்ந்த புளியிலையின் நிறத்துக்குப் போகும். பருப்பில் மிச்சமிருக்கும் பச்சை வாடையை அடக்குவதும் இந்தப் புளிப்புதான். பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எலுமிச்சையின் வைட்டமின் சி உதவுகிறது. கிளிமூக்கு மாங்காய் கிடைக்கும் பருவத்தில் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்து மாங்காயைக் கூட்டுவது என் விருப்பம். சாறு உடனே கலந்து காணாமல் போய்விடும், மாங்காய்த் துண்டு கடிக்கும்போதுதான் புளிக்கும்.

கலந்தாகிவிட்டது என்றால் உடனே பரிமாறிவிட வேண்டும். வேகாத பண்டத்தில் கிருமியைக் கொல்லத் தீ வரவில்லை என்பதால் கையும் கத்தியும் பலகையும்தான் காவல். மீன், கறி வெட்டிய பலகை இதன் பக்கம் வரவே கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கோடை அறை அந்த எல்லைக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. சமைத்ததும் நறுக்கியதும் வெளியில் இரண்டு மணி நேரம் இருக்கலாம், 32 டிகிரியைத் தாண்டிய வெயிலென்றால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. தேங்காய் சேர்ந்த கோசுமல்லிக்கு அந்த ஒரு மணியையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கியிருக்கும். வெள்ளரிச்சாறு, உப்பு, எலுமிச்சை, கடுகின் நெடி எல்லாம் இறங்கியது அதில்தான். அதைக் கொட்டிவிடாமல் ஒரு செம்பு நீர்மோரில் ஊற்றிக் கலக்கி, பந்தி எழும்போது ஆளுக்கொரு தம்ளர் கொடுக்கலாம்.