ரத்தம் ஏத்தும்போது சிஸ்டர் எத்தனை தடவை வந்து பார்க்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அதை அப்படியே சொல்றேன்.

"என் பாட்டிக்கு ஹீமோகுளோபின் 6-க்குக் கீழ போயிடுச்சுன்னு ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. சிஸ்டர் வந்து மாட்டிட்டு, கால் மணி நேரம் பக்கத்துலயே இருந்தாங்க. அப்புறம் போனவங்க ஒன்றரை மணி நேரம் எட்டிப் பார்க்கல. பாட்டி, 'மூச்சு ஒரு மாதிரி இருக்குடா'ன்னு சொன்னப்ப நான்தான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தேன். ரத்தத்தை நிறுத்தி ஊசி போட்டாங்க. இப்ப நல்லா இருக்காங்க. இதுக்கு இத்தனை தடவை வந்து பார்க்கணும்னு ஏதாவது கணக்கு இருக்கா?"

இருக்கு. இந்த ஷோவுக்கு வர்றதுக்கு முன்னாடி சில வருஷம் நான் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ. அதனால இந்தக் கேள்வியை ரெண்டு பக்கத்துல இருந்தும் பார்க்க முடியுது. முதல்ல கணக்கைச் சொல்லிடறேன்.

உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல்படி ஒவ்வொரு யூனிட்டுக்கும் நோயாளியைப் பார்க்க வேண்டிய நேரங்கள் இவை: ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, ஆரம்பித்தவுடன் ஒரு தடவை, 15 நிமிஷம் கழிச்சு, அதுக்கப்புறம் குறைந்தது மணிக்கு ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை, முடிஞ்சு 4 மணி நேரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் டெம்பரேச்சர், பல்ஸ், பிபி, மூச்சு எண்ணிக்கை, ஆள் பார்க்க எப்படி இருக்காங்க, எவ்வளவு தண்ணி உள்ளே போச்சு, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்துச்சு, எல்லாத்தையும் எழுதணும்.

பிரிட்டனோட வழிகாட்டுதல் இதைவிடக் கொஞ்சம் தளர்வு. ஆரம்பிக்கிறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள, ஆரம்பிச்சு 15 நிமிஷத்துல, முடிஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள. இந்த மூணும் கட்டாயம். நடுவுல நோயாளியோட நிலைமையைப் பொறுத்துக் கூட்டிக்கலாம். நம்ம ஊர்ல பல ஆஸ்பத்திரிகள் இன்னும் கறாரா, முதல் ஒரு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவைன்னு தங்களுக்குன்னு ஒரு சார்ட் வச்சிருப்பாங்க. ஆக, அட்டவணை இடத்துக்கு இடம் மாறும். ஆனா அந்த 15-வது நிமிஷம் மட்டும் எல்லா இடத்துலயும் அப்படியே இருக்கு. ஏன்?

1901-ல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் ஏ, பி, ஓன்னு ரத்தப் பிரிவுகளைப் பிரிச்சுக் காட்டினார். 1930-ல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் கண்டுபிடிச்சதுல பயமுறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. பொதுவா ஒரு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி, அந்தக் கிருமி உடம்புக்குள்ள வந்த பிறகுதான் உருவாகும். ஏபிஓ விஷயத்துல அப்படி இல்ல. ஓ குரூப் ஆளுக்கு வாழ்க்கையில ஒரு தடவைகூட ரத்தம் ஏத்தியிருக்க வேண்டாம். ஏ-க்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடி அவர் ரத்தத்துல ஏற்கெனவே தயாரா சுத்திக்கிட்டு இருக்கும். அவருக்குத் தப்பா ஏ குரூப் ரத்தம் ஏறினா, உடம்பு யோசிக்கவே யோசிக்காது. வந்த சிவப்பணுக்களை ரத்தக்குழாய்க்குள்ளயே உடைக்க ஆரம்பிச்சிடும். பிபி விழும், சிறுநீரகம் பாதிக்கும், ரத்தம் உறையற முறையே குலைஞ்சு போகும். உயிர் போகலாம்.

இதுக்கு முழுப் பை ஏறணும்னு அவசியம் இல்ல. சில மில்லி போதும், அறிகுறி தெரிய. எவ்வளவு அதிகம் உள்ளே போகுதோ அவ்வளவு சேதம். அதனாலதான் முதல் 15 நிமிஷம் மெதுவா, நிமிஷத்துக்கு 2 மில்லிக்கு மேல போகாம விடுவாங்க. கணக்குப் போட்டா கால் மணி நேரத்துல 30 மில்லி. பையில மீதி எல்லாம் அப்படியே இருக்கும். அந்த 30 மில்லிக்குள்ள பிரச்சனையைப் பிடிச்சுட்டா ஆளைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு. சிஸ்டர் பக்கத்துல நிக்கிற அந்தக் கால் மணி நேரத்தோட மதிப்பு இதுதான்.

சரி, நின்னு எதைப் பார்க்கிறாங்க? மெஷின்ல வர்ற நம்பரை மட்டும் இல்ல. ஊசி குத்தின கையில எரிச்சல், முதுகோ இடுப்போ வலி, குளிர் நடுக்கம், தோல்ல தடிப்பு, அரிப்பு, நெஞ்சுல இறுக்கம், சிறுநீர் சிவப்பா போறது. இன்னொண்ணு, நோயாளி காரணம் சொல்லத் தெரியாம, "எனக்கு என்னமோ பண்ணுது"ன்னு சொல்றது. எங்க சீனியர் சிஸ்டர்கள் இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் முதல் மரியாதை கொடுப்பாங்க. திடீர்னு வர்ற படபடப்பும் பயமும் பாடப்புத்தகத்துலயே அறிகுறியா இருக்கு. மனப்பிரமைன்னு தள்ளிவிடக் கூடாது.

ஆரம்பிக்கும் முன் எடுக்கிற அளவு எதுக்குன்னு ஒரு சந்தேகம் வரலாம். ஏற்கெனவே காய்ச்சலோட படுத்திருக்கிற ஒருத்தருக்கு நடுவுல 101 காட்டினா, அது நோயா, ரத்தத்தால வந்ததா? முன்னாடி 99 இருந்துச்சுன்னு சார்ட்ல எழுதியிருந்தாதான் தெரியும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டு, முன்பு இருந்ததைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடியிருந்தா, அதை ரியாக்‌ஷன்னு எடுத்துக்கிட்டு விசாரிக்கணும். பெரும்பாலும் அது ஆபத்தில்லாத சாதாரணக் காய்ச்சலா இருக்கும். ஆனா தப்பான குரூப்பும் கிருமி கலந்த பையும் இதே காய்ச்சலோடதான் ஆரம்பிக்கும். அந்த நிமிஷத்துல யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

பேச முடியாதவங்க கதை வேற. ஆபரேஷன் டேபிள்ல மயக்கத்துல இருக்கிறவருக்கு வலியும் தெரியாது, நடுக்கமும் வராது. காரணமில்லாம பிபி இறங்கறது, வெட்டின இடத்துல ரத்தம் நிக்காம கசியறது, யூரின் பையோட நிறம் மாறறது, இது மட்டும்தான் தடயம். கைக்குழந்தைக்கும் நினைவில்லாதவருக்கும் அதே மாதிரி அடிக்கடி போய்ப் பார்க்கணும்.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல். தப்பான ரத்தம் ஏர்றதுக்கு முக்கியமான காரணம் ஆளை மாத்திக்கிறதுதான். நம்ம ஊர்ல இது இன்னும் சிக்கல். குடும்பப் பேர் கிடையாது, ஒரு இனிஷியல், ஒரு பேர். ஒரே வார்டுல ரெண்டு கே. செல்வி படுத்திருக்கலாம். அதனால, "நீங்க செல்விதானே?"ன்னு கேட்கக் கூடாது. அரைத்தூக்கத்துல இருக்கிறவங்க எதுக்கும் "ம்"ன்னுதான் சொல்வாங்க. "உங்க பேர் என்னம்மா, வயசு என்ன?"ன்னு அவங்க வாயால சொல்ல வைக்கணும். ஐபி நம்பர், கேஸ் ஷீட், பையில ஒட்டின லேபிள் மூணும் ஒத்துப்போகணும். கட்டில் பக்கத்துலயே நின்னு ரெண்டு பேர் சரிபார்க்கிறது நல்ல வழக்கம். சிஸ்டர் திரும்பத் திரும்பப் பேர் கேட்டா எரிச்சல்படாதீங்க.

இப்ப பாட்டி விஷயத்துக்கு வரேன். அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இங்க உட்கார்ந்துக்கிட்டு நான் சொல்ல முடியாது. ஆனா வயசானவங்களுக்கு முதல் கால் மணி நேரம் எதுவும் இல்லாம, நல்லா ஏறிக்கிட்டு இருக்கும்போது மூச்சு வாங்கினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது, உடம்பு தாங்கறதைவிட அதிக திரவம் சேர்ந்து நுரையீரல்ல தேங்குறதை. இதயம் பலவீனமானவங்க, கிட்னி பிரச்சனை உள்ளவங்க, ரொம்ப ஒல்லியானவங்க, நாள்பட்ட ரத்தசோகை உள்ளவங்க, இவங்களுக்கு வாய்ப்பு அதிகம். பல்ஸ் ஏறும், பிபி ஏறும், படுக்க முடியாம எழுந்து உட்காருவாங்க. ரத்தம் முடிஞ்சு பல மணி நேரம் கழிச்சுக்கூட வரலாம். இதோட இன்னொரு வகையும் உண்டு. தானம் கொடுத்தவரோட ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடியால நுரையீரலே பாதிக்கப்படறது. அது 6 மணி நேரத்துக்குள்ள காட்டும்.

அதனால, "முதல் 15 நிமிஷம் தாண்டிட்டா கவலை இல்ல"ன்னு வார்டுல உலவுற பேச்சு பாதிதான் உண்மை. அந்தக் கால் மணி நேரம் தப்பான குரூப்பையும் கடுமையான அலர்ஜியையும் பிடிக்கும். பாட்டி மாதிரி ஆளுக்கு ரெண்டாவது மணி நேரமும் மூணாவது மணி நேரமும்தான் முக்கியம். ஒன்றரை மணி நேரம் யாரும் வராம இருந்தது உலக சுகாதார நிறுவனத்தோட அட்டவணைப்படி சரியில்ல. அதே நேரம், ஒரே சிஸ்டர் முப்பது கட்டிலைப் பார்க்கிற வார்டுல, நாலு பேருக்கு ஒரே சமயத்துல ரத்தம் ஏறினா, எந்த அட்டவணையும் காகிதத்துல மட்டும்தான் இருக்கும். என் கோபம் அந்த சிஸ்டர் மேல இல்ல. அவங்களைத் தனியா விட்ட ரோஸ்டர் மேலதான்.

இந்தக் காரணத்துக்காகத்தான் அவசரம் இல்லாத ரத்தத்தை ராத்திரியில ஏத்தாதீங்கன்னு சொல்றாங்க. ஆள் குறைவு, விளக்கு மங்கல், நோயாளி தூக்கத்துல. தடிப்பு வந்தா போர்வைக்குள்ள யார் பார்க்கிறது?

அட்டெண்டரா கூட இருக்கிற நாம செய்யற சில விஷயங்களும் இருக்கு. சீக்கிரம் முடியட்டும்னு ட்யூப்ல இருக்கிற உருளையை நாமளே திருகிவிடறது. தயவுசெஞ்சு வேண்டாம். ஒரு யூனிட் 4 மணி நேரத்துக்குள்ள முடியணும், அது உண்மை. அதுக்கு மேல அறை வெப்பத்துல கிருமி பெருகும். ஆனா அந்த வேகத்தை முடிவு பண்றது டாக்டர்.

இன்னொண்ணு, பிளட் பேங்க்ல இருந்து பையை வாங்கிட்டு வந்து, "ஜில்லுன்னு இருக்கு"ன்னு அக்குள்ல வச்சுச் சூடு பண்றது, வெந்நீர்ல போடறது. அதிகச் சூடு பட்டா சிவப்பணு பையிலயே உடைஞ்சிடும். வழக்கமான வேகத்துல ஏத்தற ரத்தத்தைச் சூடாக்கவே தேவையில்ல. குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்த 30 நிமிஷத்துக்குள்ள ஆரம்பிக்கணும், இல்லைன்னா திருப்பிக் கொடுத்துடணும். அதனால கையில பையோட கேன்டீன்ல டீ குடிக்க நிக்காதீங்க. "முன்னாடியே ஒரு அவில் போட்டுடுங்க சிஸ்டர்"னு கேட்கிறவங்களும் உண்டு. எல்லாருக்கும் வழக்கமா அப்படிப் போடறதுக்கு நல்ல ஆதாரம் இல்ல. தவிர, அதைப் போட்டதால கண்காணிப்பைக் குறைக்கவும் முடியாது.

ஏதாவது சரியில்லன்னு தோணினா என்ன நடக்கணும்? முதல் வேலை நிறுத்தறது. குறைக்கிறது இல்ல, நிறுத்தறது. ஊசியை எடுத்துடக் கூடாது, அந்த வழி வேணும். புது ட்யூப் மாட்டி நார்மல் சலைன் ஓடவிட்டு, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, பேரையும் லேபிளையும் மறுபடி சரிபார்ப்பாங்க. மீதி ரத்தத்தோட பையும் ட்யூபும், புதுசா எடுத்த ரத்த மாதிரியும் சிறுநீரும் பிளட் பேங்குக்குப் போகணும். குப்பையில போடக் கூடாது. இந்தியாவுல இந்த ரியாக்‌ஷன்களைப் பதிவு பண்ண ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் 2012 டிசம்பர் 10-ல ஆரம்பிச்சது. நொய்டாவுல இருக்கிற தேசிய உயிரியல் நிறுவனம் ஒருங்கிணைக்குது. ஆஸ்பத்திரி படிவம் நிரப்பி அனுப்பினா யாரையும் தண்டிக்கிறதுக்கு இல்ல, எங்க தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான்.

கூட இருக்கிறவங்க கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரத்தம் மாட்டும்போதே, "சிஸ்டர், அடுத்து எத்தனை மணிக்கு வந்து பார்ப்பீங்க? நடுவுல ஏதாவதுன்னா யாரைக் கூப்பிடணும்?" குறை சொல்ற தொனி வேண்டாம், சாதாரணமா கேளுங்க. மணியை போன்ல அலாரமா வச்சுக்கோங்க. அந்த நேரம் தாண்டினா போய்க் கூப்பிடுங்க, தொந்தரவுன்னு நினைக்காதீங்க. மூச்சு, வலி, நடுக்கம்னா எந்த நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே.

தலசீமியா பிள்ளைங்க மாதிரி காலையில வந்து ஏத்திட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அன்னைக்கு ராத்திரி மூச்சுத்திணறலோ காய்ச்சலோ வந்தா காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. ஒரு நாள்ல இருந்து 28 நாள் வரைக்கும் எப்ப வேணும்னாலும் கண் மஞ்சளாகலாம், சிறுநீர் கருக்கலாம், ஏத்தின ஹீமோகுளோபின் மறுபடி இறங்கலாம். அப்படி ஆனா ரத்தம் ஏத்தின தேதியைச் சொல்லித்தான் டாக்டர்கிட்ட பேச்சை ஆரம்பிக்கணும். டிஸ்சார்ஜ் சம்மரியில யூனிட் நம்பர் எழுதியிருக்கான்னு பார்த்துட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.

பிளேட்லெட் பையை மட்டும் ஏன் ஃபிரிட்ஜ்ல வைக்கிறதில்லன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். அது அடுத்த வாரம்.