காசிமேட்டு மீனும் கறுப்பு டப்பாவும்

பொழுது புலர்வதற்கு வெகு முன்பே விளக்கொளியில் ஏலக் குரல்கள் எழும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ராயபுரம் கல்மண்டபத்தைக் கடந்து, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் நோக்கிச் செல்கிறவர், வழியெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களையும், வாளி போன்ற கறுப்பு டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் புரதப் பொடிகளையும் காணாமல் இருக்க முடியாது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், மணலி ஆலைகளில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள் ஆகியோரின் சம்பளத்தில் ஒரு கணிசமான பங்கு அந்த டப்பாக்களுக்குப் போகிறது. அந்தப் பணம் வியர்வையால் வந்த பணம்; ஆகையால், அதற்கு ஈடான பலன் சரீரத்துக்குக் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டியது அவசியம்.

தேகத்தைப் பேணும் ஆசை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையைக் குலவித்தை போலக் காத்து வந்த ஊர் இது. 1980-ஆம் ஆண்டு முகம்மது அலி சென்னைக்கு வந்தபோது அவரைக் காண அலைமோதிய கூட்டத்தின் நினைவு, வடசென்னையின் முதியோரிடம் இன்னும் மங்கவில்லை. ஆசையில் குற்றமில்லை, அந்த ஆசைக்கு எதைக் கொடுத்துப் போஷிப்பது என்பதே விஷயம்.

நாம் உண்ணும் புரதம் எதுவாயினும், அது குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்து, பிறகு உடலின் தேவைக்கேற்பத் தசையாகவும், ரத்தத்தின் கூறாகவும், ஜீரண நீராகவும் மறுபடி கோக்கப்படுகிறது. புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 9-ஐ உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. அவை ஆகாரத்தின் மூலமே வந்தாக வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு. பருப்பில் லைசின் நிறைவு, மெத்தியோனின் குறைவு. அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்து இட்லி வார்த்த நம் மூதாட்டியர், ரசாயன சாஸ்திரம் அறியாமலே, ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பிவிட்டார்கள். மீன், முட்டை, பால் ஆகியவற்றிலோ ஒன்பதும் போதிய அளவில் ஒருங்கே இருக்கின்றன. டப்பாவில் இருக்கும் ‘வே’ என்பதும், பால் திரிந்து பாலாடைக்கட்டி ஆகும்போது பிரியும் தெளிநீரைப் பக்குவப்படுத்தி உலர்த்திய பொடியே.

அளவைப் பார்ப்போம். ஆரோக்கியமான ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வீதம், நாளொன்றுக்குப் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். கடும் எடைப் பயிற்சி செய்கிறவருக்கு அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேண்டியிருக்கலாம். ஒரு கரண்டிப் பொடியில் சுமார் 24 கிராம் புரதம். நான்கு முட்டையிலும் அவ்வளவே. கிலோ 2,500 ரூபாய்க்கு வாங்கிய டப்பாவில் ஒரு கரண்டிக்கு 75 ரூபாய் ஆகும்போது, நான்கு முட்டைக்கு அதில் பாதிகூட ஆவதில்லை. சுத்தம் செய்த மத்தி மீன் 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு; அதோடு, பொடியில் இல்லாத ஒமேகா கொழுப்பும் உண்டு. விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலத்தில் மீன் விலை ஏறினாலும், நெத்திலிக் கருவாடும் சென்னாக்குன்னியும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் எட்டும் விலையிலேயே கிடைக்கின்றன.

இதைக் கூறுவதால், நம் மக்களுக்குப் புரதக் குறைவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குறை பழையது; ஆழமானது. குன்னூரில் 1918-இல் ஒரு சிறு ஆய்வறையைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் பல பிராந்திய மக்கள் உண்ணும் ஆகாரங்களை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உண்பதை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியே பிரதானமாயிருந்த சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்டவை வளர்ச்சியில் கடைசியில் நின்றன. அந்தச் சிற்றறையே பின்னர் ஹைதராபாத்துக்குச் சென்று தேசிய போஷாக்கு நிறுவனமாக விரிந்தது. அதன் தலைமையை வகித்தவர்களுள் ஒருவரான சி. கோபாலன், சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ஏழைக் குழந்தைகளின் மெலிவுக்குப் புரதப் பொடியே மருந்து என்று உலகம் பேசிய காலத்தில், குழந்தைக்கு வயிறு நிறையச் சோறும் பருப்பும் கிடைத்தாலே புரதமும் பெரும்பாலும் நிறைந்துவிடும், குறைவது மொத்த உணவே என்று ஆதாரத்துடன் வாதாடினார். பசித்த உடல், உள்ளே வரும் புரதத்தையும் விறகாக எரித்துவிடும், தசைக்கு மிஞ்சாது. காலை உணவைத் தவிர்த்துவிட்டு மாலையில் ஒரு கரண்டிப் பொடி குடிக்கும் இளைஞர் இதை அறிந்திருப்பது நல்லது.

நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பில் ஏறக்குறைய 220 கிராம் புரதம் இருக்கிறது. ஓர் ஆளுக்கு நான்கு நாள் தேவை. ஒரு குடும்பத்துக்கோ அதுவே ஒரு மாதத்துக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. பள்ளிச் சத்துணவில் முட்டை எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கேதான் விளங்குகிறது.

டப்பாக்களில் எல்லாமே வீண் என்பதும் உண்மையாகாது. கிரியாட்டின் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொண்டால், கனத்த எடையைச் சில விநாடி தூக்கும் வலிமை சற்றே கூடுகிறது என்பது நன்கு நிரூபணமானது. தசைக்குள் அது பாஸ்போகிரியாட்டினாக இருந்து சக்தி தருகிறது; அப்படி இருப்பதை 1927-இல் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டமின்றி வெளியேறிய மேதை. ஆனால் பி.சி.ஏ.ஏ. என்று விற்கும் மூன்று அமினோ அமிலக் கலவை, போதிய புரதம் உண்கிறவருக்குப் புதிதாக எதையும் தருவதில்லை.

கலப்படம் இன்னொரு கவலை. புரதத்தை அளக்க, ஜொஹான் கெல்டால் 1883-இல் வகுத்த முறை, உண்மையில் நைட்ரஜனையே அளக்கிறது. மலிவான கிளைசினைக் கலந்தால் கருவி ஏமாந்து அதையும் புரதமாகக் காட்டும். கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் சகாக்களும் இந்தியச் சந்தையின் 36 பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 சதவிகிதம் லேபிளில் சொன்ன புரத அளவுக்குப் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. அதே ஆண்டு தேசிய போஷாக்கு நிறுவனமும் தசை வளர்க்கப் புரதப் பொடி வேண்டாம் என்று அறிவுரை கூறியது. சிறுநீரக நோய் உள்ளவருக்கு அதிகப் புரதம் கேடு; ஆகவே தொடங்குமுன் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவைப் பார்த்துக்கொள்வது விவேகம். பயிற்சிக் கூடத்தில் யாரேனும் ஊசி நீட்டினால், எந்தப் பெயரைச் சொன்னாலும், கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மனத்தைப் பற்றியும் வாக்குறுதிகள் கேட்கின்றன. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்தே மூளை செரடோனினை ஆக்குகிறது என்பது மெய். ஆனால் அது மூளைக்குள் நுழையும் வாயிலில் வேறு பல அமினோ அமிலங்களும் போட்டியிடுகின்றன. ஆகவே அதிகம் விழுங்கினால் அதிக மகிழ்ச்சி என்ற கணக்கு செல்லாது. 1989-இல் அமெரிக்காவில் டிரிப்டோஃபேன் மாத்திரை உட்கொண்டவர்களில் 1,500-க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலி நோய்க்கு ஆளாகி, முப்பதுக்கு மேற்பட்டவர் மாண்டனர். இரவு ஷிஃப்டும் கடனும் வேலை நிச்சயமின்மையும் சேர்ந்து தூக்கத்தைப் பறித்த ஒருவருக்கு, சோர்வின் காரணம் ரத்தசோகையாகவோ பி12 குறைவாகவோ இருக்கலாம். மனச்சோர்வு என்னும் நோயாகவும் இருக்கலாம். முன்னதைப் பரிசோதனை காட்டும். பின்னதற்கு மனநல மருத்துவர் இருக்கிறார், 14416 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது. எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பொடியின் மேல் நம்பிக்கை வைத்து நிறுத்திவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக எண்ணூர். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அக்கழிமுகத்தில் இறாலும் நண்டும் மடவையும் காசு கொடாமலே கிடைத்த புரதம். இருளர்கள் நீரில் அமர்ந்து வெறுங்கையாலேயே இறாலைத் தடவி எடுப்பார்கள். அனல் மின்நிலையச் சாம்பல் அந்நீரைத் தூர்த்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெயும் வந்து சேர்ந்து, அலையாத்திச் செடிகளின் வேரில் தார் போல் அப்பிக்கொண்டது. வலை வீசி வீட்டுக்குக் குழம்பு மீன் கொண்டுவந்த அந்தக் கரையின் மீனவர்களே, அந்த மாதம் அதே படகுகளில் சென்று, வாளிகளால் எண்ணெயை அள்ளினார்கள்.