வாதாபி வழியில் நால்வர்

ஹம்பி முதல் பிஜாப்பூர் வரை ஆறு நாள், ஒரே கார், இரண்டு தம்பதிகள். கற்களைவிடக் கடினமாக இருந்தது கணக்கு.

காருக்கு வாடகை பேசும்போதே பிரச்சினை கூடவே ஏறிக்கொள்கிறது. பெங்களூரில் வெளியூர்ப் பயணத்துக்கு வண்டி எடுப்பவர்களிடம் டாக்ஸிக்காரர்கள் பலரும் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் காசு. ஆறு நாளைக்கு 300 வீதம் 1,800 கிலோமீட்டர். ஆனால் பெங்களூரில் கிளம்பி ஹம்பி, ஐஹோளே, பட்டடக்கல், பாதாமி, பிஜாப்பூர் என்று சுற்றிவிட்டுத் திரும்பினால் 1,300-க்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். மீதி 500 கிலோமீட்டர், போகாத ஊருக்குக் கொடுத்த பணம். இந்த 500 கிலோமீட்டர்தான் முப்பது வருட நட்பை ஹொஸ்பேட்டில் ஓர் இரவு முழுக்க ஊசலாட வைத்தது.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இந்த நால்வரும் ஒரு காலத்தில் மும்பை செம்பூரில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒருவர் வங்கி மேலாளர். ஓய்வுக்குப் பிறகு சென்னை திரும்பிவிட்டார். இன்னொருவர் என்ஜினீயர், செம்பூரிலேயே இருக்கிறார். அவர் மனைவி தமிழாசிரியை, இப்போது ஓய்வு. ஆண்கள் இருவரும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவரையொருவர் 'சார்' என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். பெண்களுக்குள் 'அக்கா', 'டீச்சர்'. அக்கா என்பவர் வங்கிக்காரரின் மனைவி. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் எங்காவது போய்விட்டு வரலாம் என்று சொன்னவரும் அவர்தான். எங்கே என்று தீர்மானித்தது டீச்சர். "முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாதாபி வாதாபின்னு பாடம் நடத்தியாச்சு. ஊரைப் பார்த்ததே இல்லை" என்றாராம்.

பாதை எளிது. பெங்களூரிலிருந்து சித்ரதுர்கா 200 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே தேசிய நெடுஞ்சாலை 50 நேராக ஹொஸ்பேட்டுக்கும், அதற்கப்பால் பிஜாப்பூருக்கும் போகிறது. ஊர்ப் பெயர்களைக் கர்நாடக அரசு 2014 நவம்பரில் மாற்றிவிட்டதால் வழிகாட்டிப் பலகைகளில் ஹொசபேட்டே, விஜயபுரா என்றிருக்கும். டிரைவர்கள் வாயில் இரண்டும் புழங்குகின்றன. ஓசூர்க்காரரான இந்த டிரைவர் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வழி கேட்பார். சித்ரதுர்காக் கோட்டையை நால்வரும் கீழிருந்தே பார்த்தார்கள். ஹைதர் அலியின் வீரர்களை உலக்கையால் அடித்து வீழ்த்தியதாகச் சொல்லப்படும் ஓபவ்வாவின் கதையை டிரைவர் சொல்லி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஹம்பியில்தான் சிக்கல். விஜயநகரத்தின் இடிபாடுகள் பல சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. விட்டலர் கோவில், ஜெனானா வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் ஒரே டிக்கெட், ஆனால் அன்று ஒரு நாளைக்கு மட்டும். ஆகவே வருகிற எல்லோரும் ஓடுகிறார்கள். 50 ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேரைப் பார்க்க விட்டலர் கோவிலுக்குப் போனால், சொந்த வண்டியை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு பேட்டரி வண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டும். அக்காவால் அந்த வரிசையில் நிற்க முடியவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்றார். போய்விட்டு வர இரண்டு மணி நேரம் ஆனது. எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்த காரில், டிரைவர் வாங்கிக் கொடுத்த இளநீரோடு அவர் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த மூவரும் தூண்களில் எழும் இசையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தத் தூண்களைத் தட்டுவதற்குத் தடை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஹம்பி மனிதக் கைகளால் அடிபட்ட ஊர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் நகரம் சூறையாடப்பட்டது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மற்றவை அதில் இல்லை. 1986-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், துங்கபத்திரையின் குறுக்கே பாலம் கட்டப் போய் 1999 முதல் 2006 வரை 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் இருந்தது. ஆனேகுந்திப் பாலம் 2009-இல் வேலை முடியுமுன்பே இடிந்து விழுந்தது. விரூபாக்ஷர் கோவிலுக்கு எதிரே பழைய கல் மண்டபங்களில் குடியும் கடையுமாக இருந்தவர்கள் 2011-இல் வெளியேற்றப்பட்டார்கள். 2019-இல் சில இளைஞர்கள் ஒரு கோவில் தூணைத் தள்ளிவிட்டு அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். அபராதம் கட்டியதோடு தூணை மறுபடி நிறுத்தவும் வேண்டும் என்றது நீதிமன்றம். 2024 மே மாத மழையில் விரூபாக்ஷர் கோவில் எதிரே மண்டப வரிசையில் ஒரு பகுதி சரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பக்கத்திலேயே துங்கபத்திரா அணையின் 33 மதகுகளில் பத்தொன்பதாவது, சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தற்காலிக அடைப்பை இறக்கிய கதையை அன்றிரவு என்ஜினீயர் சுவாரசியமாகச் சொன்னார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

ஏனென்றால் வங்கிக்காரர் அதற்குள் காகிதத்தை எடுத்துவிட்டார். மிச்சமுள்ள கிலோமீட்டரில் மறுநாள் ஆனேகுந்தி, அதற்கடுத்து கதக், லக்குண்டி, ஆலமட்டி அணை. "கொடுத்த காசு வீணாகக் கூடாது சார்." என்ஜினீயர் பொறுமை இழந்து, "அந்த 500 கிலோமீட்டருக்கு உண்டான பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன் சார், விடுங்கள்" என்றார். சொல்லியிருக்க வேண்டாம். முப்பது வருடமாக மாதக் கடைசியில் கைமாற்று வாங்கிக் கொடுத்துப் பழகியவர்களுக்குள் பணம் அப்படி மேஜைமேல் வந்து விழுந்ததில்லை. வங்கிக்காரர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

பிறகு பேசியவர் அக்கா. காரில் தனியாக உட்கார்ந்திருந்தபோது தனக்கு வருத்தமில்லை, ஆனால் எந்த இடத்தில் எத்தனை படி என்று ஒருவராவது முன்கூட்டி விசாரித்திருக்கலாமே என்றார். அவ்வளவுதான் கேட்டார். இந்த வழியில் பல தடவை வந்து போயிருக்கும் டிரைவருக்கு அது மனப்பாடம். பட்டடக்கல் சமதளம், ஒரு படிகூட ஏற வேண்டாம் என்று சொல்லலாம். ஐஹோளேயில் துர்கா கோவில் வளாகம் சமதளம், மேகுடி மட்டும் குன்று. பாதாமியில் முதல் குகைக்குக் கொஞ்சம் படி, நான்காவதுக்கு நிறைய. தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்காமல் பாதாமியிலேயே இரண்டு இரவு தங்கிவிட்டால் முடியாதவர் அறையில் இருக்கலாம், முடிந்தவர் சுற்றலாம் என்பது அவர் யோசனை. சுற்றுலா நிறுவனங்களின் வண்ணத் தாள்கள் எதிலும் இந்தப் படிக்கணக்கு இருப்பதில்லை.

டிரைவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பேட்டா வாங்கும் டிரைவர் எங்கே தூங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் காரிலேயேதான், கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டு. மறுநாள் காலை அவர் கண்கள் சிவந்திருப்பதைக் கவனித்த டீச்சர், பாதாமியிலிருந்து அவருக்கும் ஓர் அறை போடச் செய்தார். செலவில் பாதிப் பாதி. வங்கிக்காரர் மறுப்புச் சொல்லவில்லை.

ஹொஸ்பேட்டிலிருந்து இல்கல் வழியாக ஐஹோளே. இல்கல் சேலை பருத்தி உடலும் பட்டு முந்தானையுமாக நெய்யப்படுவது. இரண்டையும் தறியிலேயே கண்ணியில் கண்ணி கோத்து இணைக்கிறார்கள். பெண்கள் இருவரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். அடுத்து அமீன்கட்டில் கரதண்டு என்ற இனிப்பு. பேசாமல் வந்த ஆண்கள் இருவரும் ஒரே பொட்டலத்தில் கை விட்டார்கள்.

ஐஹோளே இன்றும் கிராமம்தான். நூற்றுக்கு மேற்பட்ட கோவில்கள்; பல காலம் மக்கள் அவற்றில் குடியிருந்திருக்கிறார்கள். லாட்கான் கோவில் என்ற பெயரே அங்கே வசித்த ஒருவருடையது. துர்கா கோவிலும் துர்க்கைக்குக் கட்டியதல்ல. துர்க்கம் என்றால் கோட்டை. மேகுடிக் குன்றில் டீச்சர் ஏறக் கிளம்பியபோது, எதிர்பாராமல் வங்கிக்காரரும் கூட ஏறினார். மேலே இருப்பது சமணக் கோவில். அதன் வெளிச்சுவரில்தான் ரவிகீர்த்தி என்ற புலவர், இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளைச் சமஸ்கிருதத்தில் பொறித்திருக்கிறார். ஹர்ஷரை வென்றதும், பல்லவ மன்னனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்க வைத்ததும் அதில் உண்டு. காளிதாசன், பாரவி பெயர்களும் வருகின்றன.

வங்கிக்காரரைப் பிடித்துக்கொண்டது இலக்கியமல்ல, தேதி. கல்வெட்டு தன் காலத்தை இரண்டு விதமாகச் சொல்கிறது: பாரதப் போர் நடந்து 3735 ஆண்டு, சக ஆண்டு 556. சகத்தோடு 78 கூட்டினால் கி.பி. 634. 3735-இல் 634 போனால் 3101. கலியுகம் பிறந்ததாகப் பஞ்சாங்கம் சொல்வது கி.மு. 3102. ஒன்று இடிக்கிறதே என்று அங்கேயே நின்றுவிட்டார். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது என்று பிடிபட்டதும் கீழே இறங்கி வந்து, நேராக என்ஜினீயரிடம் போய், "சார், கணக்கு டேலி ஆகுது" என்றார். முந்தைய இரவுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

634-இன் பெருமைக்குப் பதில் 642-இல் வந்தது. முதலாம் நரசிம்மவர்மன் படையெடுத்து வாதாபியைப் பிடித்தான். பாதாமியின் பாறையில் சிதைந்த நிலையில் அவன் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. படைத்தலைவராகப் போன பரஞ்சோதியே பின்னாளில் சிறுத்தொண்டர் ஆனார் என்பது பெரிய புராணம்; கல்கியின் 'சிவகாமியின் சபதம்' அந்தப் போரை வீடுதோறும் கொண்டுபோனது. தமிழர்கள் பொதுவாகக் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த அத்தியாயம் பட்டடக்கல்லில் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். நகரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோவிலின் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்து, அதைக் கன்னடத்தில் அந்தக் கோவில் தூணிலேயே எழுதி வைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி எழுப்பியதுதான் பட்டடக்கல் விரூபாக்ஷர் கோவில். அவள் தங்கை த்ரைலோக்யமகாதேவி கட்டியது பக்கத்திலேயே மல்லிகார்ஜுனர் கோவில். கைலாசநாதரைப் பார்த்தவர்களுக்கு விரூபாக்ஷரின் விமானம் தெரிந்த முகமாக இருக்கும். கட்டிய சிற்பியைக் கல்வெட்டு தென்திசைச் சூத்ரதாரி என்கிறது. அதே வளாகத்தில் வடநாட்டுப் பாணிச் சிகரங்களும் நிற்கின்றன. புல்வெளியும் நடைபாதையுமாக எல்லாம் ஒரே மட்டத்தில். அக்கா கைத்தடியோடு ஒன்றைக்கூட விடாமல், யார் கையையும் பிடிக்காமல் பார்த்தார். மற்ற மூவரும் களைத்து நந்தி மண்டபத்தில் உட்கார்ந்துவிட்ட பிறகு, மலப்பிரபா வரைக்கும் போய்விட்டு வந்தார்.

பாதாமியில் அவர் ஏறியது முதல் குகை மட்டும். பதினெட்டுக் கை நடராஜர் அங்கேதான் இருக்கிறார் என்பது அதிர்ஷ்டம். மேலே மூன்றாவது குகையில் மங்களேசனின் கல்வெட்டு, சக ஆண்டு 500. "578" என்று வங்கிக்காரர் யாரும் கேட்காமலே சொன்னார். ஹம்பியின் கருங்கல்லோடு ஒப்பிட்டால் பாதாமியின் சிவப்பு மணற்கல் மென்மையானது. அதனால் நகையின் முத்தைக்கூட எண்ணலாம். குரங்குகள் எண்ணுவது பைகளை; என்ஜினீயரின் வாழைப்பழம் இரண்டாவது படிக்கட்டிலேயே போயிற்று. சாயங்காலம் அகஸ்திய தீர்த்தத்தின் கரையில் பூதநாதர் கோவில் படிகளில் பெண்கள் இருவரும் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். வாதாபியை ஜீரணித்த அகத்தியரின் குளம். டீச்சர் பாடம் ஏதும் நடத்தவில்லை. மறுநாள் பனசங்கரி கோவில் வாசலில், கூடைக்காரப் பெண்களிடம் ஜோள ரொட்டியும் கத்தரிக்காய்க் கறியும் சட்டித் தயிரும். காபிதான் கடைசிவரை கிடைக்கவில்லை.

லக்குண்டியும் கதக்கும் ஆலமட்டியும் கைவிடப்பட்டன. மலப்பிரபா கிருஷ்ணையோடு கலக்கும் கூடலசங்கமத்தில் பசவண்ணரின் ஐக்கிய மண்டபம் வழியிலேயே வருவதால் தப்பியது. பிஜாப்பூரில் கோல்கும்பஸுக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுவது உத்தமம். பிறகு பள்ளிப் பிள்ளைகள் வந்து கூவ ஆரம்பித்தால் எதிரொலி எதுவும் பிரியாது. 1656-இல் முடிந்த முகமது ஆதில் ஷாவின் சமாதி இது. ஏறத்தாழ 41 மீட்டர் சதுரக் கூடம், நடுவில் ஒரு தூண் கிடையாது. தலைக்கோட்டையில் வென்றவர்களின் ஊர். அதையும் 1686-இல் ஔரங்கசீப் எடுத்துக்கொண்டார்.

மூலைக் கோபுரத்தின் குறுகலான ஏழு அடுக்குப் படிகளில் மூவர் ஏறினார்கள். அக்கா கீழே சமாதி மேடையருகே நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். மேலே முணுமுணுப்பு மாடத்தில் இரண்டு ஆண்களும் எதிரெதிர்ப் பக்கத்தில் போய்ச் சுவரோடு காதை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்லச் சொன்னது மற்றவருக்குக் கேட்டது. என்ன சொன்னார் என்று இருவருமே சொல்ல மறுக்கிறார்கள். பிறகு ஒரு கைதட்டல். அது ஏழெட்டுத் தடவை சுற்றி வந்தது என்கிறார் டீச்சர். கீழே இருந்த அக்கா எண்ணியது ஒன்பது.

பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. மீட்டரில் 1,347 கிலோமீட்டர். வங்கிக்காரர் 1,800-க்கு வாடகையை இரண்டாக வகுத்தார். என்ஜினீயர் தன் பாதியை எண்ணிக் கொடுத்தார். அறுவைச் சிகிச்சையின்போது டீச்சர் சென்னைக்கு வந்து பத்து நாள் இருப்பதாக ஏற்பாடு; ரயில் டிக்கெட்டை வங்கிக்காரரே எடுத்துவிட்டார்.