கல் எப்போது கோயில் ஆகிறது?



சென்ற விடுமுறையில் என் ஊராகிய கோலார் தங்கவயலுக்குச் சென்றிருந்தேன். எங்கள் லைனிலுள்ள சிறு கோயிலுக்கு அப்போது குடமுழுக்கு நடைபெற்றது. என்னுடன் வந்திருந்த நண்பர், "எங்கும் நிறைந்த இறைவனுக்கு நான்கு சுவருக்குள் வீடு எதற்கு? குடத்து நீரால் அவனைக் குடிவைக்க இயலுமோ?" என்று வினவினார். அறிந்த அளவில் விடை கூறுகிறேன்.

கோ, இல் என்னும் இரு சொற்கள் சேர்ந்ததே கோயில். தலைவன் உறையும் இல்லம் என்பது பொருள். சுவர் எழுந்தவுடன் வீடு வீடாகிவிடுமா? அதில் குடிபுக வேண்டுமன்றோ! அவ்வாறு இறைவனைக் குடிபுகுவிக்கும் சடங்கே குடமுழுக்கு. யாகசாலையில் நூல் சுற்றிய குடங்களில் நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, அந்நீரில் இறைவனை எழுந்தருளச் செய்வர். குடம் உடல், நூல் நரம்பு, நீர் குருதி என்று விளக்கம் கூறுவர். திருவுருவைப் பீடத்தோடு பொருத்துவதற்குக் கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த அட்டபந்தன மருந்தைச் சாத்துவர். முடிவில் குடநீரைக் கலசத்தின்மீதும் திருவுருவின்மீதும் சொரிவர். மருந்து நாளடைவில் தளரும். ஆதலால் 12 ஆண்டுகளுக்கொருமுறை குடமுழுக்கை மீண்டும் செய்வது மரபு.

இச்சடங்கு எங்கள் ஊரில் ஏன் பெரிதாயிற்று? 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கும்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் வந்து குடியேறினர். அவர்கள் உறங்கிய வீடு கும்பெனியின் வீடு. சாமிக்குக் கட்டிய வீட்டைத்தான் தம் வீடென்று எண்ணினர். அண்மையிலுள்ள கம்மசந்திரத்துக் கோடிலிங்கேசுவரர் கோயிலிலும் இவ்வுணர்ச்சியையே காண்கிறேன். 108 அடி உயர இலிங்கத்தைச் சூழ, அன்பர்கள் தத்தம் பெயரால் நிறுவிய சிறு இலிங்கங்கள் அங்கே எண்ணற்றன.

நண்பரின் வினாவுக்குச் சேக்கிழாரே விடை தருகிறார். பொருளில்லாத பூசலார் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் காடவர்கோன் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாயின. இறைவன் அரசனின் கனவில் தோன்றி, பூசலார் கோயிலுக்குச் செல்வதாகவும், வேறு நாள் குறிக்குமாறும் பணித்தார் என்பது பெரியபுராணம். எனவே, இறைவன் வேண்டுவது கல்லை அன்று, ஒப்படைக்கும் உள்ளத்தை.

2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று எங்கள் ஊரார் பலர் விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். குடமுழுக்குக்கு வெளியூர்களிலிருந்து வந்து கூடியோரும் அன்று மாலையே வண்டியேறினர். இறைவனைக் குடிவைத்துவிட்டோம்; குடிகள் எங்கே? திருவுருவுக்கு அடியில் தளரும் மருந்தை மீண்டும் இடிக்கலாம். ஊரோடு நம்மைப் பிணைக்கும் மருந்து தளர்ந்தால் யார் இடிப்பது?

இன்னும் 12 ஆண்டுகளில் அக்குடத்தை ஏந்தவேண்டியவர்கள் என் போன்ற மாணவர்களே. அன்று நான் அங்கிருப்பேன் என்று என் தாத்தாவிடம் சொல்லி வந்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு கோயில் உண்டன்றோ?