பகிர்ந்தால் வாழும் இசை

வீணைக் கலைஞர் ஒருவர் தனியாக வாசிக்கும்போது அவருக்குத் தாள் தேவைப்படுவதில்லை. பாடல் அவர் நினைவில் இருக்கும். குரு காட்டிய வழி விரல்களில் இருக்கும். ஆனால், கம்போங் மேடானில் ஒருவர், கிள்ளானில் ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் இருவர் என நான்கு இளைஞர்கள் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்க விரும்பினால் நிலைமை மாறிவிடும். யார் எந்தப் பகுதியை வாசிப்பது, யார் எங்கே நிறுத்துவது, சுருதி எத்தனை கட்டை என்பவை முன்கூட்டியே முடிவாக வேண்டும். இவற்றை வரையறுத்து, ஒரு பாடலைப் பலருக்குப் பங்கிட்டு எழுதுவதே இசைக்கோப்பு ஆகும்.

கர்நாடக இசையில் ராகத்தின் ஒற்றை ஓட்டமே முதன்மை பெறுகிறது. ஆகவே, வீணைக் குழுவுக்கு எழுதுபவர் அந்த ஓட்டத்தைச் சிதைக்காமல் பங்கிட வேண்டும். முதல் வீணை பாடலை வாசிக்கும். இரண்டாவது வீணை அதையே கீழ் ஸ்தாயியில் வாசிக்கும். மூன்றாவது பல்லவியில் மட்டும் சேர்ந்துகொள்ளும். நான்காவது பக்கத் தந்திகளை மீட்டித் தாளத்தைத் தாங்கும். இஃது ஓர் எளிய பங்கீடு. பெரிய குழுக்களும் உண்டு. அகில இந்திய வானொலி 1952ஆம் ஆண்டு டில்லியில் ‘வாத்திய விருந்தா’ என்னும் தேசிய இசைக்குழுவைத் தொடங்கியது. பண்டிட் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் அதனை வழிநடத்தினர். பின்னாளில் வீணை மேதை ஈமனி சங்கர சாஸ்திரி அப்பொறுப்பை ஏற்றார். இத்தகைய குழுவை எழுதிய தாள் இன்றி ஒருங்கிணைப்பது அரிது.

தாளில் இசையை எழுதும் முறைக்குச் சுரதாளக் குறிப்பு என்று பெயர். ச, ரி, க, ம, ப, த, நி என்பன சுர எழுத்துகள். எழுத்தின் மேலே புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி. கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி. ஒரு காற்புள்ளி ஓர் அளவு நீட்டத்தையும், ஓர் அரைப்புள்ளி இரண்டு அளவு நீட்டத்தையும் குறிக்கும். எழுத்துகளின் மேல் ஒரு கோடு வரைந்தால் வேகம் இருமடங்காகும். செங்குத்துக் கோடுகள் தாளத்தின் பிரிவுகளைக் காட்டும்.

உலகின் பிற பகுதிகளிலும் நரம்புக் கருவிகளுக்கு எழுத்துமுறைகள் தோன்றின. ஐரோப்பாவின் லூட் கலைஞர்கள் சுரத்தை எழுதாமல், எந்தத் தந்தியில் எந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டும் என்பதை எண்ணாலும் எழுத்தாலும் குறித்தனர். அவ்வகை நூல் 1507ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சேறியது. அம்முறை கற்பதற்கு எளிது. ஆயினும் அந்தக் கருவிக்கு மட்டுமே பொருந்தும். சுரக் குறிப்போ எந்தக் கருவிக்கும் பொருந்தும். வீணையில் 24 மெட்டுகள் உள்ளன; மலாய்க்காரர்களின் சாப்பின் இசையில் ஒலிக்கும் கம்புஸ் கருவியில் மெட்டுகளே இல்லை. இருந்தாலும், சுரக் குறிப்பு அறிந்த கம்புஸ் கலைஞர் வீணைக்காக எழுதிய பாடலை வாசிக்க முடியும்.

எனினும், சுரங்களை மட்டும் எழுதினால் பாடலின் எலும்புக்கூடுதான் கிடைக்கும். தந்தியை இழுத்தும் அசைத்தும் எழுப்பும் கமகமே ராகத்துக்கு உயிர். இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் சுப்பராம தீட்சிதர். அவர் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தில் வளர்ந்தவர். எட்டயபுரம் அரண்மனைக் கலைஞர். குடும்பத்தின் பாடல்கள் அவர் வசம் இருந்தன. ஏ.எம். சின்னசாமி முதலியார் என்னும் அறிஞர் அவற்றை உலகறியச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். எட்டயபுரம் அரசரின் ஆதரவுடன் 1904ஆம் ஆண்டு ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் வெளிவந்தது. சுரங்களோடு கமகங்களுக்கும் தனித்தனிக் குறியீடுகள் அதில் இடம்பெற்றன. தெலுங்கு எழுத்தில் வெளியான அந்நூலைப் பின்னர் சென்னை மியூசிக் அகாடமி தமிழில் பதிப்பித்தது. ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தது அனைவருக்கும் பொதுவாயிற்று. தீட்சிதரின் பாடல்கள் பலவற்றை இன்று ஆய்வோர் முதலில் புரட்டுவது அந்நூலைத்தான்.

குழுவாக வாசிக்கத் தொடங்குவோருக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவரப் பாடல்கள் ஏற்றவை. இவை மேலைநாட்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய பாடல்கள். கமகம் அதிகம் இல்லாததால், தாளில் உள்ளபடியே வாசிக்கலாம். பல ஊர்களில் இருப்பவர்கள் தனித்தனியே பயிற்சி செய்து பின்னர் ஒன்றுகூடினாலும் இசை இணைந்துவிடும். கமகம் நிறைந்த கீர்த்தனைக்கு இது போதாது. அதற்குத் தாளுடன் ஒலிப்பதிவும் சேர்த்து அனுப்புவது நல்லது.

முன்பு ஒரு பாடலைப் பெற குருவின் வீட்டுக்குச் சென்று, நோட்டுப் புத்தகத்தில் பார்த்து எழுத வேண்டும். இன்று திறன்பேசியில் எடுத்த படம் புலனக் குழுவுக்கு நொடியில் சென்று சேர்கிறது. பிழையும் அதே வேகத்தில் பரவுகிறது. ஒரு புள்ளி விடுபட்டால், ஒருவர் மேல் ஸ்தாயியிலும் மற்றவர் நடு ஸ்தாயியிலும் வாசிப்பர். ஆகவே, பகிர்பவர் ராகம், தாளம், சுருதி ஆகியவற்றைத் தலைப்பில் எழுத வேண்டும். ஒருமுறை வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பெறுபவர் பிழையைக் கண்டால் எழுதியவருக்குத் தெரிவிக்க வேண்டும். திருத்திய தாளில் நாளைக் குறித்துவிட்டால், பழைய தாள் மேடைக்கு வராது.

இன்னொரு கடமையும் உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இசைப் படைப்பு ஒன்றின் உரிமை படைத்தவரின் வாழ்நாளிலும் அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் நீடிக்கிறது. தீட்சிதரும் தியாகராஜரும் 19ஆம் நூற்றாண்டில் மறைந்தவர்கள். அவர்கள் பாடல்களை யாரும் எடுத்தாளலாம். ஆனால், அப்பாடலை நான்கு வீணைகளுக்கு அண்மையில் பங்கிட்டு எழுதியவரின் உழைப்பு அவருக்கே உரியது. அவருடைய இசைவைப் பெற்று, பெயரைத் தாளில் குறித்த பிறகே பிறருக்கு அனுப்ப வேண்டும்.

பூட்டி வைத்த ஏட்டைக் கறையான் அரிக்கும். கவனமின்றிப் பரப்பிய தாளைப் பிழை அரிக்கும். சரிபார்த்து, உரியவர் பெயரோடு பகிரப்படும் இசைக்கோப்புதான் அடுத்த தலைமுறையின் விரல்களைச் சென்றடையும்.