டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? – வள்ளத்துக்கு எஞ்சின் வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வைப்பினில் என் வீட்டுக்கு நம் சங்க உறுப்பினர் ஒருவர் மனைவியுடன் வந்திருந்தார். சொந்த ஊர் குளச்சல் பக்கம். ஏழு வருடமாகக் காளமுக்கு துறையிலிருந்து பிறர் வள்ளங்களில் கடலுக்குப் போய்வருகிறவர். இப்போது இரண்டு மைத்துனர்களுடன் பங்கு சேர்ந்து சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கியிருக்கிறார். எஞ்சின்தான் பாக்கி.

"சார், நீங்க ரயில்வேயில காலமெல்லாம் எஞ்சினோட இருந்தவர். பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒண்ணு வருது, டூ ஸ்ட்ரோக். புதுசு வேணும்னா பெட்ரோல்ல ஓடுற ஃபோர் ஸ்ட்ரோக். அதுக்கு ஒரு லட்சம் கூட ஆகுது. எதை எடுக்கட்டும்?" என்றார்.

அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. கையில் வளையல் இல்லை என்பதைக் காப்பி கொடுக்கும்போதுதான் என் மனைவி கவனித்தாள். அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வரப்போகிறது என்று பிறகு எனக்கும் புரிந்தது.

அன்று அவர்களிடம் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். ஊரில் அண்ணன் தம்பிகளுக்கு எஞ்சின் வாங்கப் பணம் அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்கும் இது பயன்படலாம்.

வித்தியாசம் என்ன?

டிவிஎஸ் 50 ஓட்டாத தமிழ்க் குடும்பம் இருக்குமா? 1980-இல் வந்த வண்டி. பங்கில் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்றுவார்கள்; பின்னால் நீலப் புகை வரும். அது டூ ஸ்ட்ரோக். அந்த வரிசையில் 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். எண்ணெய் கலக்க வேண்டியதில்லை, புகையும் அடங்கிவிட்டது. வள்ளத்து எஞ்சினிலும் இதே இரண்டு சாதிதான்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் நான்கு முறை ஓடினால் ஒரு முறை வெடிப்பு. உறிஞ்சுவது, அழுத்துவது, வெடிப்பது, புகையைத் தள்ளுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி ஓட்டம். வாயில்களைத் திறந்து மூட வால்வுகள் உண்டு. எண்ணெய் கீழே தனித் தொட்டியில் இருக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை ஓடினாலே ஒரு வெடிப்பு. அதனால்தான் சிறிய உடம்பில் அதிக இழுவை. வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெய்தான் உள்ளே மசகு. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, விலை குறைவு. கடற்கரையில் யாரும் பிரித்துப் பூட்டிவிடலாம்.

பிறகு குறை எங்கே? பிஸ்டன் கீழே இறங்கும்போது புகைத் துளையும் புதுக் கலவை வரும் துளையும் ஒரே சமயத்தில் திறந்திருக்கின்றன. புதுக் கலவைதான் பழைய புகையை வெளியே தள்ள வேண்டும். தள்ளும்போது அதிலும் ஒரு பகுதி புகையோடு போய்விடுகிறது. முறத்தில் புடைக்கும்போது உமியோடு கொஞ்சம் அரிசியும் பறப்பது போல. கார்புரேட்டர் வைத்த சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் இப்படி எரியாமல் போகும் எரிபொருள் கால் பங்கு, சில நேரம் மூன்றில் ஒரு பங்கு வரை ஆகலாம். வள்ளத்து எஞ்சினில் புகைக்குழாயின் வாய் தண்ணீருக்குள் இருக்கிறது. ஆகவே காசு கொடுத்து வாங்கியது நேரே கடலுக்கும் காயலுக்கும் போகிறது.

டூ ஸ்ட்ரோக் என்றாலே மட்டமா?

அப்படிச் சொன்னால் நான் வேலை பார்த்த ரயில்வேயே என்னை மன்னிக்காது. நான் பொன்மலையிலும் ஈரோட்டிலும் பழகிய டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், ஃபோர் ஸ்ட்ரோக். பிறகு ஹூப்ளி ஷெட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது டபிள்யூடிஜி-4 பார்த்தேன். அதுவும் 16 சிலிண்டர்தான். ஆனால் 4000 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக்! வைப்பின் கரையில் நின்றால் எதிரே வல்லார்பாடம் முனையத்துக்குப் போகும் பெரிய சரக்குக் கப்பல்கள் தெரியும். அவற்றின் பிரதான எஞ்சின்களும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் டீசல்தான்.

அவை ஏன் எரிபொருளை வீணாக்குவதில்லை? டீசலில் சிலிண்டருக்குள் முதலில் நுழைவது வெறும் காற்று. புகையோடு வெளியே போனாலும் காற்றுதான் போகும். வாயில்கள் மூடிய பிறகே எரிபொருள் பீய்ச்சப்படுகிறது. ஆக, வீச்சு இரண்டா நான்கா என்பதைவிட எரிபொருள் எப்போது உள்ளே வருகிறது என்பதே முக்கியம். எவின்ரூட் என்ற நிறுவனம் இதே தத்துவத்தில், நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டூ ஸ்ட்ரோக் வள்ளத்து எஞ்சினை விற்றது. 2020-இல் அதன் தயாரிப்பு நின்றது. ஹோண்டா 1964-லேயே ஃபோர் ஸ்ட்ரோக் வள்ளத்து எஞ்சினில் இறங்கிவிட்டது. அமெரிக்க அரசு 1996-இல் வள்ளத்து எஞ்சின் புகைக்கு விதி கொண்டுவந்து 2006-க்குள் படிப்படியாக இறுக்கியது. 1999-இல் டாஹோ என்ற ஏரியில் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குத் தடையே வந்தது.

மண்ணெண்ணெய்க் கணக்கு

நம் கரையில் டூ ஸ்ட்ரோக் வேரூன்றியதற்குக் காரணம் மண்ணெண்ணெய். 1980-களில் கேரளக் கரையெங்கும் வள்ளங்களில் எஞ்சின் பரவியபோது மானிய மண்ணெண்ணெயே அதற்குத் துணை நின்றது. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆகவே பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றுகிறார்கள். அழுத்தம் கூடினால் இடிக்கும் என்பதால் எஞ்சினையும் அதற்கேற்ற குறைந்த அழுத்தத்தில் செய்திருப்பார்கள். பிளக்கில் கரி பிடிப்பது இதனால் வரும் தினசரித் தொல்லை.

"ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கி அதிலும் மண்ணெண்ணெய் ஊற்றிவிடலாமே" என்று சிலர் நினைக்கிறார்கள். பெட்ரோலுக்கென்று செய்த ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒருபோதும் செய்யாதீர்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டியில் இறங்கி, எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். பிறகு பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் போய்விடும்.

மானிய மண்ணெண்ணெய்க்கு எஞ்சினைப் பரிசோதித்த பிறகே பர்மிட் தருகிறார்கள். ஒதுக்கீடும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பர்மிட்டில் கிடைப்பது மாதத்தில் எத்தனை நாளைக்குக் காணும், மீதி நாளைக்கு வெளிச்சந்தையில் என்ன விலை, இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால்தான் மண்ணெண்ணெயின் உண்மை விலை தெரியும். மலிவு என்ற பழைய நினைப்பை வைத்துக்கொண்டு எஞ்சின் வாங்கக் கூடாது.

மணிக்கணக்கே விடை

எஞ்சின் விலையை ஒரு முறைதான் கொடுக்கிறோம். எரிபொருளுக்குத் தினமும் கொடுக்கிறோம். ஆகவே நான் அந்தத் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, "வருடத்தில் எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடும்?"

உதாரணமாக, ஒரே திறனுள்ள இரண்டு எஞ்சின்களில் ஃபோர் ஸ்ட்ரோக் மணிக்கு ஒரு லிட்டர் மிச்சம் பிடிக்கிறது என்று வையுங்கள். இரண்டும் பெட்ரோலென்றும், லிட்டர் 100 ரூபாயென்றும் வைப்போம். வருடம் 1000 மணி ஓடுகிறவருக்கு ஒரு லட்சம் மிச்சம். முதல் வருடமே கூடுதல் விலை திரும்பிவிடும். வருடம் 100 மணி மட்டும் ஓடுகிறவருக்கு மிச்சம் 10,000 ரூபாய்தான். பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

எண்ணெயையும் சேருங்கள். 50-க்கு 1 என்ற கலவையில் லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய். மணிக்கு மூன்றரை லிட்டர் வீதம் 1000 மணிக்கு 70 லிட்டர் எண்ணெய் ஆகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் சிறிய எஞ்சினில் 100 மணிக்கு ஒரு முறை சுமார் ஒரு லிட்டர் மாற்றினால் 10 லிட்டரோடு முடிந்தது.

இந்த ஒரு லிட்டர் என் உதாரணம் மட்டுமே. உங்கள் கணக்கை நீங்களே அளந்து பாருங்கள். டாங்கை விளிம்புவரை நிரப்பி, வழக்கமான ஓட்டம் போய்வந்து, அளவுக் குவளையால் மறுபடி நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை ஓடிய மணியால் வகுங்கள். மூன்று நாள் செய்து சராசரி எடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருக்கும் ஒருவருடன் போய் அதையும் அப்படியே அளந்துவிடுங்கள்.

மணிக்கணக்கைக் கேட்டதும் தம்பி விழித்தார். அப்போதுதான் அவர் மனைவி வாய் திறந்தார். "சார், என்கிட்ட நோட்டு இருக்கு." கடலுக்குப் போன நாளும் திரும்பிய நேரமும் பங்கும் மூன்று வருடமாக எழுதி வைத்திருக்கிறார்! கூட்டிப் பார்த்தோம். வருடத்துக்கு 160 நாள், நாளைக்கு எஞ்சின் ஓட்டம் சராசரி 4 மணி. ஆக 640 மணி. அடுத்த வாரம் அவர்கள் துறையில் அளந்தபோது மிச்சம் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலேயே வந்தது. மண்ணெண்ணெயின் சராசரி விலையை வைத்துப் போட்டாலும் கூடுதல் பணம் இரண்டு வருடத்துக்குள் திரும்பும் என்று தெரிந்தது.

என் தவறு ஒன்று

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு அன்பர் என் பேச்சைக் கேட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினார். டூ ஸ்ட்ரோக்கை எப்படி வேண்டுமானாலும் படுக்கப் போட்டுப் பழகியவர். குட்டியானையில் ஏற்றி வரும்போது தவறான பக்கம் படுக்க வைத்துவிட்டார். தொட்டியிலிருந்த எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வீங்கியதுதான் மிச்சம். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நம் வள்ளக்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். அதில் பதினோரு நாள் அவர் கரையில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்று கையேட்டில் படமே இருந்தது. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. வருடத்தில் எத்தனை மணி ஓட்டம்? 500-க்கு மேல் என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் தராசு சாயும்.

2. எஞ்சினைத் தினமும் கழற்றித் தூக்க வேண்டுமா? 15 குதிரைத்திறன் அளவில் ஃபோர் ஸ்ட்ரோக் பத்துப் பதினைந்து கிலோ கூடுதல் எடை. அலையடிக்கும் மணற்கரையில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். காளமுக்கு போலத் துறையில் கட்டி வைப்பவர்களுக்குப் பெரிதில்லை.

3. அந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக்கும் உதிரி பாகமும் உங்கள் கரையில் உண்டா? இல்லையென்றால் மிச்சமெல்லாம் நின்ற நாட்களில் கரைந்துவிடும்.

4. முதல் 20 மணியிலும் பிறகு 100 மணிக்கு ஒரு முறையும் எண்ணெய் மாற்றும் ஒழுங்கு உங்களிடம் உண்டா? டூ ஸ்ட்ரோக் அலட்சியத்தைக் கொஞ்சம் பொறுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் பொறுக்காது.

5. மண்ணெண்ணெய் பர்மிட் இன்னும் ஐந்து வருடம் இதே அளவில் கிடைக்கும் என்று நம்பி வாங்குகிறீர்களா? அப்படியானால் இன்னொரு முறை யோசியுங்கள்.

எந்த எஞ்சினானாலும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவதை மறக்கக் கூடாது.

தம்பி ஃபோர் ஸ்ட்ரோக்கே வாங்கினார். எஞ்சின் வந்து இறங்கிய அன்று நானும் காளமுக்குக்குப் போயிருந்தேன். கையேட்டைப் பிரித்துப் பார்த்து, எஞ்சின் மூடியின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டால் "இந்தப் பக்கம் கீழே" என்று என் கையாலேயே எழுதினேன். அவர் மனைவி நோட்டில் புதுப் பக்கம் ஒன்று திருப்பி, மேலே "எண்ணெய் மாற்றிய தேதி" என்று எழுதிக்கொண்டார்.

வளையல் திரும்பி வரும் தேதியையும் அந்த நோட்டிலேயே எழுதும்படி சொல்லிவிட்டு வந்தேன்.